நட்சத்திர வீரருக்குக் கொட்டுற பணம் அணிக்குத் திரும்புமா? ஓடானி, ஏ-ராட், சோட்டோ கணக்கு

#1 கேலரிக்காரன்
ஜப்பான் பேஸ்பால் வீரர் ஓடானிக்கு அமெரிக்காவோட லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் பேசி முடிச்சது 2023 டிசம்பர்ல. அதுக்கப்புறம் 2024, 2025 ரெண்டு வருஷமும் உலகத் தொடர் கோப்பை அவங்ககிட்டதான். "ஜெர்சி வித்தே போட்ட காசை எடுத்துட்டாங்க"ன்னு பார்க்குற இடமெல்லாம் எழுதுறாங்க. இதுல எவ்வளவு நிஜம்? ஆட்டத் திறமை பற்றிப் பேச வேண்டாம். பணம் எங்கேருந்து வருது, எங்கே போகுதுன்னு தெரிஞ்சவங்க பிரிச்சுச் சொல்லுங்க.

#2 ஐந்தொகை
முதலில் ஜெர்சிக் கதையை முடித்துவிடலாம். எம்எல்பி (அமெரிக்க பேஸ்பால் லீக்) முத்திரை போட்ட பொருள்களின் உரிமத் தொகை முழுவதும் லீக்கின் பொதுக் கணக்குக்குப் போய், 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. ஒசாகாவில் ஒருவர் டாட்ஜர்ஸ் 17ஆம் எண் சட்டை வாங்கினால், அந்த ராயல்டியில் டாட்ஜர்ஸுக்குக் கிடைப்பதும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குக் கிடைப்பதும் ஒரே தொகை. மைதானத்துக்குள் அணி நடத்தும் கடையில் விற்றால் மட்டும் சில்லறை லாபம் அணிக்குத் தங்கும். ஆகவே ஜெர்சி விற்று 70 கோடியை எடுத்தார்கள் என்பது நடக்கவே முடியாத காரியம்.

வருமானத்தை இரண்டு பையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அணியின் சொந்தப் பை: டிக்கெட், பார்க்கிங், மைதானத்துச் சாப்பாடு, மைதான விளம்பரப் பலகை, அணியின் ஸ்பான்சர்கள், உள்ளூர் டிவி. லீக் பொதுப் பை: தேசிய டிவி, வெளிநாட்டு டிவி, உரிமப் பொருள்கள். ஒரு நட்சத்திர வீரர் எந்தப் பையை நிரப்புகிறார் என்பதுதான் முதல் கேள்வி.

#3 டக்அவுட்
அப்ப ஜப்பான்ல காலங்காத்தால எழுந்து டாட்ஜர்ஸ் மேட்ச் பாக்குறாங்களே, அந்த டிவி காசு?

#4 ஐந்தொகை
அதுவும் பொதுப் பைதான். வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமையை லீக்தான் விற்கிறது. டாட்ஜர்ஸுக்கு முப்பதில் ஒரு பங்கு.

ஆனால் அதே ஒளிபரப்பில் பிட்சர் பந்து வீசும்போது, பேட்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு விளம்பரம் தெரிகிறது அல்லவா? டாட்ஜர் ஸ்டேடியத்தில் அந்த இடம் டாட்ஜர்ஸ் சொத்து. ஓடானி வந்த பிறகு ஏஎன்ஏ விமான நிறுவனம், டோயோ டயர்ஸ், டைசோ என்று ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்பான்சராக வரிசைகட்டியது இதனால்தான். ஜப்பான் பார்வையாளரிடமிருந்து டாட்ஜர்ஸ் நேரடியாகக் கறக்கக்கூடிய பெரிய வழி இதுதான். அடுத்தது டோக்கியோவிலிருந்து விமானம் ஏறி வந்து டிக்கெட் வாங்குபவர்கள். ஜப்பானிய மொழியில் மைதானச் சுற்றுலாவே நடத்துகிறார்கள்.

#5 மூன்றாம்பேஸ்
சொந்தப் பையில் விழுந்தாலும் முழுசாகத் தங்காது. வருவாய்ப் பகிர்வு விதிப்படி ஒவ்வொரு அணியும் தன் நிகர உள்ளூர் வருமானத்தில் 48% பொதுவில் போட வேண்டும். சேர்ந்த தொகை 30 ஆகப் பிரித்துத் திரும்பி வரும். கூடுதலாக 1 டாலர் வந்தால் 48 சென்ட் போகும், அதில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 1.6 சென்ட், திரும்பும். கையில் நிற்பது 53.6 சென்ட்.

மைதானம் நடத்தும் செலவைக் கழித்த பிறகுதான் இந்த 48% என்பதால் உண்மையில் கொஞ்சம் மேலே கீழே இருக்கும். டாட்ஜர்ஸுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. 2011 திவால் வழக்கின்போது ஏற்பட்ட உடன்பாட்டால் அவர்களுடைய உள்ளூர் டிவி பணத்தில் ஒரு பகுதிதான் பகிர்வுக்கு வரும். ஆனால் அந்த டிவி ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்று 2013லேயே எழுதி முடித்தது. ஓடானி வந்தார் என்று தவணையை ஏற்றித் தரமாட்டார்கள். ஆகவே டிவியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

#6 டக்அவுட்
வெளியூர் மேட்ச் இன்னும் கொடுமை. ஓடானி வர்றார்னு சிகாகோவுலயோ மயாமியிலயோ சீட்டு நிரம்புனா டிக்கெட் காசு அந்த ஊர் அணிக்கு. வருஷத்துல பாதி ஆட்டம், 81, இவங்க ஆளை வச்சு அடுத்தவன் கல்லா கட்டுறான்.

#7 இடதுகைப்பிட்சர்
வரவு பற்றியே பேசுகிறீர்கள். செலவு 70 கோடி அல்ல என்பதை யாரும் சொல்லவில்லையே.

ஒப்பந்தம் இப்படி: வருடம் 7 கோடி. அதில் 20 லட்சம் டாலர்தான் அந்தந்த ஆண்டில் சம்பளம். மீதி 6.8 கோடி, 10 ஆண்டு கழித்து, வட்டியில்லாமல். 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடி போகும்.

இதன் இன்றைய மதிப்பைக் கணக்கிட லீக் எடுத்துக்கொண்ட வட்டி விகிதம் 4.43%. 1.0443ஐ 10 தடவை பெருக்கினால் சுமார் 1.54. 6.8 கோடியை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 4.4 கோடி. அதோடு 20 லட்சம் சேர்த்தால் 4.6 கோடி. ஆகப் பத்தாண்டு ஒப்பந்தத்தின் நிஜ மதிப்பு சுமார் 46 கோடி.

"அப்படியானால் 2034 வரை பணமே வைக்க வேண்டாமா" என்று கேட்பார்கள். வைக்க வேண்டும். ஒரு சீசனில் சம்பாதித்து ஒத்திவைத்த தொகையின் இன்றைய மதிப்பை, அந்த சீசனுக்குப் பிறகு வரும் இரண்டாவது ஜூலை 1க்குள் தனியாக ஒதுக்கியாக வேண்டும். 2024 சீசனுக்கு உரியது 2026 ஜூலை 1க்குள். இடையில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆண்டு அவகாசம், அவ்வளவே. ஒதுக்கிய பணத்தை முதலீடு செய்து 4.43%க்கு மேல் ஈட்டினால் அந்த வித்தியாசம் அணிக்கு லாபம். கலிஃபோர்னியாவை விட்டுப் போன பிறகு பணத்தை வாங்கினால் ஓடானிக்கு மாநில வருமான வரி மிச்சமாகலாம். அவர் ஒத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் அது அவர் பாக்கெட்.

#8 மூன்றாம்பேஸ்
சரி, 4.6 கோடி. அதன் மேல் லக்சுரி வரியைப் போடுங்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி பர்ஸ் வரம்பு பேஸ்பாலில் கிடையாது. எவ்வளவும் செலவழிக்கலாம், தாண்டினால் தண்டம். டாட்ஜர்ஸ் மாதிரி மூன்றாவது ஆண்டும் அதற்கு மேலும் தொடர்ந்து தாண்டுபவர்களுக்கான விகிதம் இது:

முதல் 2 கோடி: 50%
அடுத்த 2 கோடி: 62%
அதற்கடுத்த 2 கோடி: 95%
அதற்கு மேல் எவ்வளவானாலும்: 110%

2024ல் வரம்பு 23.7 கோடி. டாட்ஜர்ஸின் வரிக் கணக்குச் சம்பளம் சுமார் 35.3 கோடி. அதிகம் 11.6 கோடி. வரி: 1 + 1.24 + 1.9 + 6.16 = 10.3 கோடி. அவர்கள் கட்டியதும் அதுதான். 2025ல் 16.9 கோடி கட்டினார்கள், அது சாதனை.

ரெண்டு ஆண்டிலும் 110% அடுக்கில் 5 கோடிக்கு மேல் நின்றது. ஓடானி இல்லாவிட்டால் அவருடைய 4.6 கோடியும் அந்த அடுக்கிலிருந்தே கழியும். ஆக அவருக்கான வரி மட்டும் 5.07 கோடி. சம்பளமும் வரியுமாக ஆண்டுக்கு 9.7 கோடி. கையில் நிற்பது டாலருக்கு 53.6 சென்ட் என்றால், அந்தச் செலவை ஈடுகட்ட ஆண்டுக்கு 18 கோடி டாலர் கூடுதல் உள்ளூர் வருமானம் வேண்டும். "எடுத்துட்டாங்க" என்று எழுதுகிறவர்கள் இந்த 18 கோடியைக் காட்டட்டும்.

#9 இடதுகைப்பிட்சர்
வரி முழுவதையும் ஓடானி தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் கையெழுத்திட்டது முதலில். ஜப்பான் பிட்சர் யமமோட்டோவை டாட்ஜர்ஸ் எடுத்தது அதே மாதம், ஆனால் அவருக்குப் பின். 18.2 கோடிக்கு இன்னொரு பிட்சர் ஸ்னெல் வந்தது அடுத்த ஆண்டு நவம்பரில். கடைசியில் வந்தவரால்தான் 110% அடுக்குக்குப் போனார்கள் என்றும் சொல்லலாமே. எல்லோருக்கும் சமமாகப் பரப்பினால் 2024 வரி மொத்தச் சம்பளத்தில் 29%. அப்படிப் பார்த்தால் ஓடானி செலவு 5.9 கோடி, தேவைப்படும் கூடுதல் வருமானம் 11 கோடி.

பணத்தை ஒத்திவைத்ததன் லாபமும் இங்கேதான். ஒத்திவைக்காமல் ஆண்டுக்கு 7 கோடி கொடுத்திருந்தால் வரிக் கணக்கில் 2.4 கோடி கூடியிருக்கும். அதற்கு 110% என்றால் ஆண்டுக்கு 2.6 கோடி மிச்சம்.

#10 மூன்றாம்பேஸ்
பரப்பிப் பார்ப்பது கணக்குப் புத்தகத்துக்குச் சரி. "எடுத்தது லாபமா" என்ற கேள்விக்கு, அவர் இல்லாவிட்டால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். இருந்தாலும் 11க்கும் 18க்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுவோம், சண்டை வேண்டாம்.

#11 கேலரிக்காரன்
டிக்கெட்ல அவ்வளவு வராதா? கூட்டம் அள்ளுதே.

#12 ஐந்தொகை
கூட்டம் அவர் வருவதற்கு முன்பே அள்ளிக்கொண்டுதான் இருந்தது. டாட்ஜர்ஸ் சொந்த மைதானக் கூட்டம் 2023ல் சுமார் 38.4 லட்சம், 2024ல் 39.4 லட்சம், 2025ல் முதல் முறையாக 40 லட்சத்தைத் தாண்டியது. மைதானக் கொள்ளளவு 56,000. 81 ஆட்டத்துக்கு உச்சமே 45 லட்சம் சொச்சம். முதல் ஆண்டில் கூடியது 1 லட்சம் தலை. ஒரு தலைக்கு டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்த்து 100 டாலர் என்று தாராளமாக வைத்தாலும் 1 கோடி டாலர். பகிர்வு போக 54 லட்சம்.

ஆக நிரம்பிய மைதானத்தில் நட்சத்திரத்தால் தலை எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. கூட வேண்டியது ஒரு சீட்டின் விலை. 39 லட்சம் சீட்டில் சராசரியாக 10 டாலர் ஏற்ற முடிந்தால் 3.9 கோடி. ஆள் கூடியதில் வந்ததைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கூட்ட எண்ணிக்கையையே பார்ப்பதால் இது கண்ணில் படுவதில்லை.

#13 பழையஸ்கோர்கார்டு
கூட்டக் கணக்குக்கு எதிர்த்திசையில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஓடானி போன பிறகு அவருடைய பழைய அணி ஏஞ்சல்ஸுக்கு என்ன ஆனது? 2023ல் அவரோடு சுமார் 26.4 லட்சம். 2024ல் அவர் இல்லாமல், 99 தோல்விகளோடு, சுமார் 25.8 லட்சம். குறைந்தது 60,000 சொச்சம். உலகின் மிகப் பிரபலமான வீரர் கிளம்பிப் போனதற்கு 81 ஆட்டத்தில் ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூடக் குறையவில்லை.

அதே அணி 2011 டிசம்பரில் புஹோல்ஸ் என்ற நட்சத்திர பேட்டரை 10 ஆண்டு 24 கோடிக்கு எடுத்தபோதும் இதே பாடம். 2011ல் 31.6 லட்சமாக இருந்த கூட்டம் அவர் வந்த 2012ல் 30.6 லட்சமாக இறங்கியது. பத்தாண்டில் ஒரே ஒரு தடவை, 2014ல், பிளேஆஃப் போய் கான்சாஸ் சிட்டியிடம் மூன்றும் தோற்றுத் திரும்பினார்கள். ஒப்பந்தம் முடியுமுன் 2021 மே மாதம் அவரை விடுவித்தார்கள். விடுவித்தாலும் சம்பளம் நிற்காது. பேஸ்பாலில் போட்ட கையெழுத்துக்கு முழுப் பணமும் உத்தரவாதம்.

ஆனால் இதற்கெல்லாம் மூத்த கதை டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். டாம் ஹிக்ஸ் 1998ல் அணியையே 25 கோடிக்கு வாங்கியவர். 2000 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிக்ஸ் (ஏ-ராட்) என்ற ஒரே ஆளுக்கு 25.2 கோடி எழுதிக்கொடுத்தார். ஏ-ராட் குறை வைக்கவில்லை: மூன்று ஆண்டில் 52, 57, 47 ஹோம்ரன், 2003ல் எம்விபி (ஆண்டின் சிறந்த வீரர்) விருது. அணி வென்றது 73, 72, 71. மூன்று ஆண்டும் பிரிவில் கடைசி இடம். கூட்டம் 2001ல் 28 லட்சமாக ஏறியது, 2003ல் 21 லட்சத்துக்கு விழுந்தது. அவர் வருவதற்கு முந்தைய 2000ல் கிட்டத்தட்ட 26 லட்சம்.

2004 பிப்ரவரியில் யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டபோது பாக்கி 17.9 கோடி. அதில் 6.7 கோடியை ரேஞ்சர்ஸே கட்டுவதாக ஒத்துக்கொண்டுதான் தள்ளினார்கள். 2010 மே மாதம் அணி திவால் மனு போட்டபோது பிணையில்லாமல் அணி பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயர் ஏ-ராட். ஒத்திவைத்த சம்பளம் 2.49 கோடி பாக்கி. ஒதுக்கி வைக்க வேண்டிய ஜூலை 1 விதியைப் பற்றி இடதுகைப்பிட்சர் சொன்னாரே, அது ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

#14 டக்அவுட்
ஏ-ராட் மேல தப்பு சொல்ல முடியாது. பிட்சிங் இல்லாத அணியில ஷார்ட்ஸ்டாப் இடத்துல ஃபீல்டிங் நிக்கிறவர் என்ன பண்ணுவார். முதல் வருஷம் ஆளைப் பாக்க வந்தான், அடுத்த வருஷம் ஸ்கோரைப் பாத்துட்டு வீட்ல உக்காந்துட்டான்.

#15 இடதுகைப்பிட்சர்
டக்அவுட் சொன்னதுதான் கணக்கின் மையம். சந்தையில் ஒரு கூடுதல் வெற்றியின் விலை, வார் அளவீட்டில் (ஒரு வீரரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுகிறது என்ற மதிப்பீடு), சுமார் 80 முதல் 90 லட்சம் டாலர். ஆனால் அந்த வெற்றி அணிக்குச் சம்பாதித்துத் தருவது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 72 வெற்றியை 78 ஆக்கினால் டிக்கெட் கவுண்டரில் எதுவும் மாறாது. 86ஐ 92 ஆக்கினால் பிளேஆஃப் வாய்ப்பு எகிறும், செப்டம்பர் டிக்கெட் விற்கும், அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட் புதுப்பிப்பு கூடும். 98ஐ 104 ஆக்கினால் மறுபடியும் பெரிய லாபமில்லை. ரேஞ்சர்ஸ் வாங்கியது மிக விலையுயர்ந்த வெற்றிகளை, மிக மலிவான இடத்தில்.

ஓடானி 2024ல் சுமார் 9 வார். சந்தை விலையில் 7 முதல் 8 கோடி. பிட்சரும் பேட்டருமான அவர் அந்த ஆண்டு பந்து வீசாமல் அடித்தே. 54 ஹோம்ரன், 59 ஸ்டீல் (பேஸ் திருட்டு). 4.6 கோடிக்கு அது மலிவு. வரியோடு 9.7 கோடிக்கு மலிவில்லை.

#16 கேலரிக்காரன்
பிளேஆஃப்ல கொட்டுமே?

#17 மூன்றாம்பேஸ்
கொட்டும், ஆனால் முழுசாக இல்லை. டிவிஷன் சீரீஸில் (பிளேஆஃபின் கால்இறுதி மாதிரி) முதல் 3 ஆட்டம், அதற்கடுத்த இரண்டு தொடர்களிலும் முதல் 4 ஆட்டம், இவற்றின் வாசல் வசூலில் 60% வீரர்கள் நிதிக்குப் போகும். 2024ல் டாட்ஜர்ஸ் சொந்த மைதானத்தில் ஆடியது 8 ஆட்டம். பாட்ரேஸுடன் 5ஆவது, மெட்ஸுடன் 6ஆவது, இந்த இரண்டு மட்டும் அந்தப் பிடித்தத்துக்கு வெளியே. மற்ற ஆறிலும் 60% போயிற்று. 2025ல் சொந்த மைதானத்தில் 9 ஆட்டம். டிவி பணம் லீக்குடையது. அணிக்குத் தங்குவது மீதி வாசல் வசூல், சாப்பாடு, பார்க்கிங், பிறகு கோப்பையைக் காட்டி அடுத்த ஆண்டு ஏற்றும் விலை. கடைசியில் சொன்னதுதான் பெரிது.

#18 ஐந்தொகை
என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். டாட்ஜர்ஸுக்கு ஓடானி லாபம். காரணம் ஜெர்சியோ கூட்டமோ அல்ல. ஜப்பானிய ஸ்பான்சர் பணமும் சீட்டு விலையும் சொந்தப் பையில் விழுகின்றன, அணி ஏற்கெனவே வெல்லும் அணி. இதில் ஜப்பான் என்ற அம்சத்தை எடுத்துவிட்டால் அதே 54 ஹோம்ரன் அடிக்கும் வேறொருவருக்கு இந்தக் கணக்கு நிற்காது.

அணி மதிப்பு பற்றியும் யாராவது கேட்பார்கள். ஃபோர்ப்ஸ் மதிப்பீடு 2024ல் 545 கோடி, 2025ல் 680 கோடி. அந்த 135 கோடியை ஓடானி பெயரில் எழுதுவது சுலபம். கோப்பை வென்றதும் அதே ஆண்டுதான் என்பதால் பிரித்தெடுக்க வழியில்லை. விற்றால்தான் அது பணம். உரிமையாளரான குகன்ஹைம் குழு விற்கிற மாதிரி தெரியவில்லை.

#19 மூன்றாம்பேஸ்
ஸ்பான்சர் பணத்தில் எவ்வளவு ஓடானியால் என்று அணி வெளியிடுவதில்லை. அதை 10 கோடிக்கு மேல் வைத்தால்தான் உங்கள் தீர்ப்பு நிற்கும். நான் "பெரும்பாலும் கட்டுப்படியாகிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

#20 பழையஸ்கோர்கார்டு
செலவுப் பக்கத்தில் விட்டுப்போன மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் (புது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வது): ஏஞ்சல்ஸ் கொடுத்த குவாலிஃபையிங் ஆஃபரை (ஓராண்டு ஒப்பந்த அழைப்பு) ஓடானி மறுத்துவிட்டு வந்தவர். வரி கட்டும் அணி அப்படிப்பட்டவரை எடுத்தால் தன் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தேர்வுகளையும், வெளிநாட்டு இளைஞர்களுக்கான நிதியில் 10 லட்சம் டாலரையும் இழக்கும்.

போஸ்டிங் கட்டணம்: ஜப்பான் அணியிலிருந்து நேராக வருபவருக்குத்தான் இது. யமமோட்டோவுக்கு 32.5 கோடி ஒப்பந்தம். முதல் 2.5 கோடிக்கு 20%, அடுத்த 2.5 கோடிக்கு 17.5%, மீதிக்கு 15%. மொத்தம் 5.06 கோடி ஜப்பானில் அவர் ஆடிய ஓரிக்ஸ் அணிக்குப் போனது. இது லக்சுரி வரிக் கணக்கில் வராது. பணக்கார அணிக்கு அதுவே ஒரு வசதி.

காயம்: பெரிய ஒப்பந்தத்துக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பிட்சர் தோள், முழங்கை என்றால் பிரீமியம் கடுமை. ஏற்கெனவே அடிபட்ட பாகத்தை விலக்கிவிட்டே பாலிசி தருவதும் உண்டு. பிட்சர் ஸ்ட்ராஸ்பர்க் 2019 டிசம்பரில் வாஷிங்டனுடன் 7 ஆண்டு 24.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். அதன்பின் வீசியது 8 ஆட்டம், 31 இன்னிங்ஸ் சொச்சம்.

#21 டக்அவுட்
இன்னிங்ஸுக்கு 78 லட்சம் டாலர். கணக்குப் போட்டுப் பாத்தேன், போட்டிருக்கக் கூடாது.

#22 கேலரிக்காரன்
நல்லாப் புரிஞ்சுது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். பேட்டர் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 76.5 கோடி கொடுத்துச்சே, 15 வருஷம். அங்கே ஜப்பான் கிடையாது. 2025ல பிளேஆஃபும் போகல. அது நஷ்டம்தானே?

#23 இடதுகைப்பிட்சர்
ஓடானி கணக்கை அப்படியே அங்கே போடக் கூடாது. ஒத்திவைப்பு எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்டதற்கே 7.5 கோடி போனஸ். ஆண்டுக்கு 5.1 கோடி, மெட்ஸும் 110% அடுக்கில் இருப்பதால் 5.6 கோடி வரி. மொத்தம் 10.7 கோடி.

ஆனால் மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் காலி நாற்காலி இருந்தது. 2024ல் சுமார் 23.3 லட்சம் பேர், 2025ல் சுமார் 31.8 லட்சம். 8.5 லட்சம் தலை கூடியிருக்கிறது. அதே 100 டாலர் என்று வைத்தால் 8.5 கோடி, பகிர்வு போக 4.6 கோடி. செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் எவ்வளவு சோட்டோவால், எவ்வளவு 2024ல் அந்த அணி என்எல்சிஎஸ் (உலகத் தொடருக்கு முந்தைய சுற்று) வரை போன உற்சாகத்தால் என்று பிரிப்பது கடினம். சீசன் டிக்கெட் எடுப்பவர்கள் முந்தைய ஆண்டைப் பார்த்துத்தான் பணம் கட்டுவார்கள். 2025ல் 83 வெற்றியோடு நின்றதன் விளைவு 2026 கூட்டத்தில் தெரியும். ஏ-ராட் விஷயத்தில் இரண்டாம் ஆண்டில்தான் சரிவு தெரிந்தது.

2029 சீசன் முடிந்ததும் சோட்டோ விலகிக்கொள்ள ஒரு வாய்ப்பு ஒப்பந்தத்தில் உண்டு. மீதி 10 ஆண்டுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் கூட்டித் தந்தால் மெட்ஸ் அதைத் தடுக்கலாம். தடுத்தால் மொத்தம் 80.5 கோடி ஆகிவிடும். அப்போது அவருக்கு வயது 31. நன்றாக ஆடிக்கொண்டிருந்தால் மட்டுமே அவர் விலக நினைப்பார், ஆகவே அந்த 4 கோடியைக் கட்டும் நிலை வந்தால் மெட்ஸுக்கு அது நல்ல செய்திதான். அவர் பேசாமல் இருந்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.